மூக்கு முக்கால்

மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே யாரோ தவறவிட்ட கைக்குட்டைபோலக் கிடக்கும் புதூருக்குப் புது மைக்ராஸ்கோப் வந்திறங்கிய அன்றைக்கு வானம் எந்த அறிகுறியும் காட்டவில்லை, நாய்கள் வழக்கத்தைவிட அதிகமாக ஊளையிடவில்லை, பட்டு வித்தகத்தின் பரிசோதகர் சென்னியப்பனுக்கு இடது கண்கூடத் துடிக்கவில்லை. பின்னாளில் ஊர்க்காரர்கள் இதெல்லாம் நடந்ததாகச் சத்தியம் செய்தார்கள், ஆனால் உண்மையில் நடந்ததெல்லாம், பெட்டியைப் பிரிக்கக் கத்தரிக்கோல் கிடைக்காமல் எல்லோரும் தேடியதும், கோயம்புத்தூரிலிருந்து அதைப் பொருத்திக் கொடுக்க வந்த இன்ஜினியருக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இருந்ததும்தான்.

வித்தகம் என்பது பட்டுப்புழு முட்டை தயாராகும் இடம். தாய் அந்துப்பூச்சி முட்டை போட்டு முடித்ததும் அதை அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பச்சரிசி நொய்போல, உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோல மினுங்கும் நோய் வித்து ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தத் தாயின் முட்டைகள் நெருப்புக்குப் போகும். போகாவிட்டால் அந்த நோய் தாயிடமிருந்து முட்டைக்கும் முட்டையிலிருந்து புழுவுக்கும் இறங்கி, புழுவின் உடம்பில் மிளகுத்தூள் தூவியதுபோலப் புள்ளி வைத்து, ஒரு கொட்டகையிலிருந்து அடுத்த கொட்டகைக்குத் தாவி, ஒரு பருவத்துக்குள் ஊரையே துடைத்துவிடும். சென்னியப்பன் இருபது வருஷமாக இந்த வேலையைச் சன்னல் வெளிச்சத்தை நம்பிய ஒரு பழைய மைக்ராஸ்கோப்பில் செய்துவந்தார். மேகம் வந்தால் ஒன்று தெரியும், வெயில் வந்தால் வேறொன்று தெரியும், எதிரே சலூன் கடைக்காரர் குப்புராசு வெள்ளைத் துணியை உதறிக் காயப்போட்டால் மூன்றாவதாக ஒன்று தெரியும். ஆகவே சந்தேகம் வந்தால் கொளுத்து என்பதே அவர் கொள்கை. அவருக்குச் சந்தேகம் அடிக்கடி வந்ததால் ஊர் அவருக்குக் கொள்ளிச் சென்னி என்று பெயர் வைத்திருந்தது. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்று, பெஞ்சில் அவருக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைக்கும்.

இன்ஜினியர் மைக்ராஸ்கோப்பைப் பொருத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் எடுத்தார். "சார், இந்தத் திருகு பல்பு வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும். ஆனா படம் தெளிவா வர்றது இதுல இல்ல. கீழ பாருங்க, இது கண்டென்சர், வெளிச்சத்தைத் திரட்டி மேல அனுப்பற லென்ஸ். இதுக்குள்ள பூவிதழ் மாதிரி தகடு இருக்கு, திறக்கும், மூடும். அதுக்குத்தான் இந்த மூக்கு." அவர் காட்டிய இடத்தில் ஒரு குட்டி உலோகக் குச்சி நிஜமாகவே மூக்குபோல நீட்டிக்கொண்டிருந்தது. "முழுசாத் திறந்தா எல்லாம் வெளுத்துப்போகும். முழுசா மூடுனா இல்லாத கோடெல்லாம் தெரியும். முக்கால் வெச்சுக்கோங்க, எப்பவும் முக்கால். அது எப்படின்னா, இதைக் கழட்டிட்டு..." என்று அவர் எதையோ தொட்ட நேரத்தில் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஓடினார். வித்தகத்தில் இருந்த அத்தனை பேரும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். எல்லோரையும்விடப் பெரிதாகத் தலையாட்டியவர் சென்னியப்பன்.

எதில் முக்கால் என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கைத் திருப்புவதில் முக்காலா, வெளிச்சத்தில் முக்காலா, சொட்டின் அளவில் முக்காலா? கேட்டுத் தெரிந்துகொள்ள இன்ஜினியரின் போன் நம்பர் பெட்டியிலேயே ஒட்டியிருந்தது. ஆனால் இருபது வருஷ அனுபவம் உள்ளவன் எதில் முக்கால் என்று கேட்டால் மரியாதை முக்காலும் போய்விடும் என்று அவர் நினைத்தார்.

மறுநாள் காலை அவர் மூக்கை ஒரேயடியாக மூடினார். கண்ணாடித் துண்டில் கிடந்த தூசியெல்லாம் கறுப்பு விளிம்பு கட்டிக்கொண்டு, சுற்றி வெள்ளி வளையம் போட்டுக்கொண்டு நின்றது. அதே நேரத்தில் வெளியே புதூரும் அப்படியே ஆனது. வீட்டுச் சுவர்களில் இருந்த விரிசல்களுக்கு மையிட்டதுபோல் ஆயிற்று, வேப்பமரத்தில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகக் கத்தரித்து ஒட்டினதுபோல் நின்றது, தெருவில் நடந்தவர்களைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு கூடவே நடந்தது. குப்புராசு சவரக்கத்தியோடு ஒருவர் கன்னத்தில் குனிந்தவர், ஒவ்வொரு மயிரடியும் கிணறு மாதிரி தெரிவதைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். சென்னியப்பன் மூக்கைத் திறந்தார், ஊர் மெல்ல வெளுத்தது. மூடினார், மறுபடி கோடு விழுந்தது. இந்த விளையாட்டு இன்னும் ஒரு தடவை நடந்ததும் குப்புராசு தெருவைக் கடந்து வித்தகத்துச் சன்னலுக்கு வந்தார்.

"ஏனுங் சென்னியண்ணா, நீங்க அங்க கையை ஆட்டறப்பெல்லாம் என்ற கடை நெறம் மாறுதுங்."

"அப்படியா?"

"ஆமாங். கடைசியா ஆட்டுனதை இன்னொருக்கா ஆட்டுங்க பாப்போம்."

சென்னியப்பன் ஆட்டினார். குப்புராசு திரும்பித் தெருவைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், "செரி, ஒரு ரெண்டு நிமிசம் அப்படியே வெச்சிருங்க, ஒரு மீசை பாதியில நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் இருப்பதுபோல ஊருக்கு ஒரு மூக்கு இருக்கிறது என்று புதூர் இதை எடுத்துக்கொண்டது. வித்தகத்தைப் பூட்டினாலும் மூக்கு கடைசியாக நின்ற இடத்திலேயே வெளிச்சமும் நின்றது. சூரியன் தன் பாட்டுக்கு உதித்து மறைந்தது, தெருவிளக்கு தன் பாட்டுக்கு எரிந்தது, எதன் வெளிச்சமாக இருந்தாலும் அது புதூர் எல்லைக்குள் வந்ததும் மூக்கு சொன்னபடி கேட்டது. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லைக்கல் அருகே நின்று ஒரு காலை இந்தப்பக்கமும் ஒரு காலை அந்தப்பக்கமும் வைத்து வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அலுத்துப்போய் வராமலிருந்தார்கள். ஏன் இப்படி என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கு எப்போது எப்படி வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

மூக்கு மூடிய வெளிச்சத்துக்குக் குறுக்கம் என்றும், திறந்த வெளிச்சத்துக்கு அகலம் என்றும் பெயர் வந்தது. குறுக்கத்தில் தையற்காரர்கள் நூல் கோத்தார்கள், பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்கும் கரும்பலகை தெரிந்தது, ஆனால் அதே குறுக்கத்தில் மாமியார்களின் உதட்டோரத்தில் இல்லாத இளக்காரம் தெரிந்தது, பக்கத்து வீட்டு வேலி இரண்டு விரல்கடை உள்ளே நகர்ந்திருப்பதாகத் தெரிந்தது, சாப்பாட்டில் ஒவ்வொரு சீரகமும் ஒரு பூச்சியாகத் தெரிந்தது. அகலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. சுவர்க் கறை கரைந்தது, முகச்சுருக்கம் கரைந்தது, தார் ரோட்டில் குழிகள் கரைந்தன, கால் உள்ளே போன பிறகுதான் குழி இருந்தது தெரியும். அகலத்தில் பார்த்த யாரும் யாருக்கும் பழையவர்களாகத் தெரியவில்லை.

பேரூராட்சித் தலைவர் நல்லமுத்து ஒரு வெளிச்சக் கமிட்டி போட்டார். அதில் குப்புராசு இருந்தார், டீக்கடைக்காரர் இருந்தார், மாட்டுச் சந்தையின் தரகர்கள் இருந்தார்கள்; மூக்கைத் திருப்புகிற சென்னியப்பன் மட்டும் இல்லை, ஏனென்றால் அவர் வேலையில் இருப்பார். சந்தையில் விற்கிறவர்கள் அகலம் கேட்டார்கள், வாங்குகிறவர்கள் குறுக்கம் கேட்டார்கள். பெண் பார்க்க வருகிற நாளில் பெண் வீட்டார் அகலம் கேட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் குறுக்கம் கேட்டார்கள், சென்னியப்பன் பஜ்ஜி வருகிறவரை அகலமும் பெண் வந்ததும் குறுக்கமும் வைத்து இரண்டு பக்கத்துக் கோபத்தையும் வாங்கிக்கொண்டார். குடிதண்ணீர் வரும் நாளை எழுதும் கரும்பலகையில் அதற்குக் கீழே "இன்று வெளிச்சம்" என்று எழுதிப்போட ஆரம்பித்தார்கள். முதல் வாரத்தில் அது மாறி மாறி இருந்தது. கல்யாண மாசம் பிறந்ததும் "அகலம்" என்று எழுதி, அதை அழிக்காமலே விட்டுவிட்டார்கள்.

அகலத்தை விரும்பியவர்களில் சென்னியப்பனும் ஒருவர். அகலத்தில் அவர் பார்த்த கண்ணாடித் துண்டுகள் பால்போல இருந்தன. ஒரு வித்தும் இல்லை, ஒரு சந்தேகமும் இல்லை. முட்டைகள் ஒன்று விடாமல் தேறின, கொளுத்துகிற அடுப்பில் பூனை குட்டி போட்டது. டீக்கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நிற்கவில்லை, பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். "நம்ம சென்னியண்ணன் தங்கமான மனுசன்" என்று ஒருநாள் யாரோ சொன்னார்கள், அன்று அவர் இரண்டாவது டீ குடித்தார். எதிலோ முக்கால் என்ற சொல் அவ்வப்போது கொசுபோலக் காதோரம் வந்தது. கண்ணுக்கு வெளிச்சம் அதிகமாக இருந்தால் அதிகமாகத்தானே தெரியும், அதிகமாகப் பார்த்தும் நோய் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்றுதானே அர்த்தம் என்று அவர் அந்தக் கொசுவை அடித்தார். ஒரு முட்டாள் தன்னிடமே வாதாடி ஜெயிப்பது இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கே தோன்றியது, ஆனாலும் ஜெயித்த சந்தோஷம் ஜெயித்த சந்தோஷம்தான்.

அவர் தலைக்குச் சாயமும் பூச ஆரம்பித்திருந்தார். அகலத்தில் அது அவ்வளவு அழகாக விழுந்தது.

அவர் மனைவி துளசிமணி, ஊரில் பாதிப் பேரைப்போலத் தோட்டத்தில் புழுக்கொட்டகை போட்டிருந்தாள். பட்டு விளைகிற புதூரில் பட்டு கட்டியவர் யாரும் கிடையாது. பட்டுக்கூடு விற்றதும் எல்லோரும் ஜவுளிக்கடைக்குப் போய்ப் பட்டு மாதிரி மினுங்குகிற எதையோ எடுத்து வருவார்கள், அதற்குப் பட்டு என்றே பெயர் சொல்வார்கள். துளசிமணி இந்த அறுப்பில் ஒரு கூடைக் கூட்டை விற்காமல் தனியே எடுத்துவைத்து, நூல் எடுக்கக் கொடுத்து, நெய்யக் கொடுத்து, தன் புழு கட்டின கூட்டிலிருந்து தனக்கு ஒரு சேலை கட்டிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். கரும்பச்சையில் அரக்குக் கரை என்று நிறம்கூடச் சொல்லிவிட்டாள். அந்தப் புழுக்களுக்கான முட்டை சென்னியப்பன் அகலத்தில் பார்த்துத் தேற்றிய முட்டை.

கல்யாணங்கள் மும்முரமாக இருந்த ஒரு மத்தியானம் அவள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏனுங், புழு ஒண்ணு பெருசா இருக்குது, ஒண்ணு சிறுசா இருக்குது. எலையைப் போட்டா மோந்து பாத்துப்போட்டுப் படுத்துக்குது."

"வெயிலு ஜாஸ்தி. அதுக்குத் திங்கப் பிடிக்காது."

"வெயில்ல எனக்குந்தான் திங்கப் பிடிக்கறதில்ல, அதுக்காகக் குட்டையாப் போறனா? ஒருக்கா மூக்கை மூடுங்க. என்ற புழுவை நான் நல்லாப் பாக்கோணும். இந்த அகலத்துல மேல புள்ளி இருக்குதா, இல்லையான்னே தெரிய மாட்டேங்குது."

"கமிட்டி ஒத்துக்கோணும், துளசி. தலைவர் மகள் கல்யாணம் வருது. மண்டபம் புடிக்கறதுக்கு முன்னாலயே வெளிச்சத்தைப் புடிச்சுட்டாரு."

"நான் பொண்டாட்டியா, கமிட்டியா?"

சென்னியப்பன் ரசம் கேட்டார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். அகலத்தில் பார்த்ததால் அவர் முகத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அது அவருக்கு வசதியாக இருந்தது. மூக்கை மூடினால் புழு மேல் என்ன தெரியுமோ அது தெரிந்துவிடும். அது தெரிந்தால் தேறிய முட்டைகளெல்லாம் எப்படித் தேறின என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் பெஞ்சில் மறுபடி இடம் தாராளமாகிவிடும். கல்யாணம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தன்னிடம் சொன்னார். துளசிமணியின் முட்டை வந்த அதே தொகுதி மாரக்காவின் கொட்டகைக்கும், ஏரிப்பக்கத்து மூர்த்தியின் கொட்டகைக்கும் போயிருந்தது, ஆட்களும் கூடைகளும் இலைக்கட்டும் கொட்டகைக்குக் கொட்டகை போய்வந்துகொண்டிருந்தன, கல்யாணம் முடிகிறவரை நோய் கமிட்டிக்காகக் காத்திருக்காது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

தலைவர் மகள் கல்யாணத்தன்று ஊரே மண்டபத்தில் இருந்தது. மண்டபம் வித்தகத்திலிருந்து கூப்பிடு தூரம். சென்னியப்பன் சாயத்தைப் புதுசாகப் பூசிக்கொண்டு, வித்தகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்டபத்துக்குப் போகலாம் என்று வந்தவர், வாசலில் துளசிமணி நிற்பதைப் பார்த்தார். கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கல்யாணச் சேலை கட்டியிருக்கவில்லை.

"கல்யாணத்துக்கு வரலையா?"

"இதுக இங்க படுத்திருக்கறப்போ நான் எங்கிங் வர்றது?" அவள் டிபன் பாக்ஸைத் திறந்தாள். ஏழெட்டுப் புழுக்கள் வாடிக் கிடந்தன. "மாரக்கா கொட்டகையிலயும் இப்படித்தானாம். காத்தால சொன்னா. நீங்க பாருங்க. நல்லாருக்குதுன்னா நல்லாருக்குதுன்னு சொல்லுங்க, நான் கல்யாணத்துக்குப் போயி ரெண்டு எலை சாப்பிடறேன். இல்லைன்னாலும் சொல்லுங்க. ஆனாப் பாத்துச் சொல்லுங்க."

சென்னியப்பன் பெருமூச்சு விட்டுப் புழுவை அரைத்துச் சொட்டை எடுத்து வைத்துப் பார்த்தார். பால். அவர் நிமிர்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடினார், கை கீழே போயிற்று, மூக்கை ஒரே திருப்பில் மூடினார்.

மண்டபத்தில் அப்போது தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம். நாதஸ்வரம் நின்றது, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாப்பிள்ளையின் மீசை ஒட்டினதுபோலத் தெரிந்தது, பந்திக்கு வைத்த சோற்றில் ஒவ்வொரு பருக்கையும் புழுவாகத் தெரிந்தது, பெண்ணின் தாய்மாமன் முகத்தில் வெறுப்பு தெரிவதாக மாப்பிள்ளையின் சித்தப்பா கத்தினார், பூஜைத் தேங்காயில் விரிசல் தெரிந்து "உடைஞ்ச தேங்காயையா வெச்சீங்க?" என்று இரண்டு பக்கத்திலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். அது மட்டுமல்லாமல், மேடையில் நின்ற தலைவர் நல்லமுத்துவின் பட்டு வேட்டியில் ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது, பட்டு ஊரில் பிறந்த யாருக்கும் அது என்ன இழை என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வித்தகத்தில் சென்னியப்பன் கண்ணை வைத்தார். கண்ணாடித் துண்டு முழுக்க வித்து. ஓரத்தில் வித்து, நடுவில் வித்து, தூசியெல்லாம் வித்து, காற்றுக்குமிழியெல்லாம் வித்து, எல்லாம் கறுப்பு விளிம்பு கட்டி வெள்ளி வளையம் போட்டு மினுங்கின. பழைய பழக்கம் கையில் வந்தது: கொளுத்து. எல்லாக் கொட்டகையையும் கொளுத்து. அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்மேல் ஒரு சொட்டு விழுந்தது. சாயம் கலந்த கறுப்புச் சொட்டு. அதைத் துடைக்க லென்ஸைக் கழற்றினார். கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில், லென்ஸ் இல்லாத வெறும் குழாய்க்குள்ளேயே குனிந்து பார்த்தார்.

இதைக் கழட்டிட்டு என்று இன்ஜினியர் தொட்டது எதை என்று இப்போது தெரிந்தது.

குழாயின் அடியில் ஒரு சின்ன வட்டம் இருந்தது, அதன் நடுவில் தகடுகள் நெருங்கி ஒரு பட்டாணி அளவு மட்டும் திறந்திருந்தது. அவர் மூக்கை மெல்லத் திறக்க, பூவிதழ்போலத் தகடுகள் விலகி வெளிச்சம் விரிந்தது, வட்டத்தின் விளிம்பைத் தொடப் போனது. முக்கால். வட்டத்தில் முக்கால். சொட்டில் இல்லை, திருகில் இல்லை, மரியாதையிலும் இல்லை. குழாய்க்குள் தெரிகிற வட்டத்தில் முக்கால் வெளிச்சம், கால் நிழல். ஒரு போன் அடித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. அது வெட்கத்தின் சிரிப்பு என்பதால் சத்தம் வரவில்லை. மூக்கை அங்கே நிறுத்திவிட்டு லென்ஸை மாட்டினார்.

மண்டபத்தில் மாப்பிள்ளையின் மீசை மீசையானது. சோறு சோறானது. தாய்மாமன் எப்போதும்போல வயிற்றெரிச்சல்காரர்போல இருந்தார், ஆனால் அது அவர் பிறவி முகம் என்று எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. தேங்காயில் விரிசல் இல்லை, முழுத்தேங்காய். தலைவரின் வேட்டி மட்டும் பாலியெஸ்டராகவே இருந்தது.

கண்ணாடித் துண்டிலும் அப்படித்தான். வித்தாகத் தெரிந்த தூசி தூசியாயிற்று, குமிழி குமிழியாயிற்று, வெள்ளி வளையங்களெல்லாம் அவிழ்ந்து போயின. போகாமல் நின்றவை சில. நீள்வட்டமாக, விளிம்பு தெளிவாக, உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோல. சென்னியப்பன் இடத்தை மாற்றிப் பார்த்தார், இன்னொரு புழுவை அரைத்துப் பார்த்தார். அங்கேயும் சில. அவர் நிமிர்ந்தார்.

"இருக்குது, துளசி."

"நெசமாவா, இல்ல கொளுத்தறதுக்குன்னே சொல்றீங்களா?"

"நீயே பாரு."

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அரிசி நொய்யாட்டம்" என்றாள். அதற்குப் பிறகு அரக்குக் கரையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

அவர்கள் கொட்டகைக்குப் போனபோது முக்கால் வெளிச்சத்தில் புழுக்களின் முதுகில் மிளகுத்தூள் தெரிந்தது. எல்லாவற்றின் மேலும் இல்லை, போதுமான அளவுக்கு. மூன்று கொட்டகைகளையும் மாலைக்குள் காலி செய்தார்கள். மாரக்கா மண்ணை வாரித் தூற்றினாள். மூர்த்தி, "அகலத்துல பாத்துத் தேத்துனப்ப கண்ணு எங்கிங் இருந்துச்சு?" என்று கேட்டான். "அகலத்துலதான் இருந்துச்சு" என்றார் சென்னியப்பன். இதைவிட மோசமான பதிலை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை, இதைவிட உண்மையானதையும் சொன்னதில்லை. மற்ற கொட்டகைகளின் புழுக்களை மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொன்றாக முக்காலில் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் ஊர் அவருக்குப் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. வெளிச்சக் கமிட்டி பந்தியில் சாப்பிட்ட கையோடு ஊர்வலமாக வந்தது. முன்னால் தலைவர் நல்லமுத்து, வேட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார்.

"யேனப்பா சென்னி, மூக்கு என்னாச்சு? அகலமும் இல்ல, குறுக்கமும் இல்ல, இந்த மூக்கு வர்றதுக்கு முன்னால இருந்த மாதிரி இருக்குது?"

சென்னியப்பன் ஊரைப் பார்த்தார். சுவரில் விரிசல் இருந்தது, விரிசல் அளவுக்கு இருந்தது. வேப்பமரத்தில் இலைகள் கூட்டமாக இருந்தன. ரோட்டில் குழி தெரிந்தது. மைக்ராஸ்கோப் வருவதற்கு முந்தின நாள் ஊர் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது, அதைத் தினமும் காலையில் குழாய்க்குள் பார்த்து அவர்தான் இனி வைத்தாக வேண்டும் என்பது யாருக்கும் தெரியவில்லை.

"ரிப்பேருங்" என்றார் சென்னியப்பன்.

"எப்பச் சரியாகும்?"

"இன்ஜினியருக்குப் போன் பண்ணிக் கேக்கோணுங்."

கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "நம்மூருக்கு வந்ததெல்லாம் இப்படித்தான், ஒரு மாசம் வேலை செய்யும்" என்று குப்புராசு சொன்னார். அதோடு அந்த அதிசயத்தை ஊர் முடித்துக்கொண்டது. கரும்பலகையில் "அகலம்" என்ற சொல்லை யாரோ அழித்துவிட்டு, குடிதண்ணீர் நாளை மறுநாள் என்று எழுதினார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் நெருப்பு அடங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு வேண்டியிருக்குமே என்று பூனைக்குட்டிகளை வித்தகத்து அடுப்பிலிருந்து வெளியே எடுத்து வைத்தாயிற்று என்றார் சென்னியப்பன். துளசிமணி சாம்பலை ஒரு குச்சியால் கிளறிவிட்டு, கொட்டகைக் கதவைத் திறந்து, தரையில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற ஆரம்பித்தாள். அவரும் ஒரு வாளியைத் தூக்கினார்.

"அடுத்த முட்டை எப்பங் வரும்?"

"நானே பாத்துத் தர்றேன்."

"போன தடவையும் நீங்களேதான் பாத்துக் குடுத்தீங்க."

அவர் தண்ணீரை ஊற்றினார். அவள் விளக்குமாறோடு அவர் பின்னால் வந்து நின்று, சாயங்கால வெளிச்சத்தில் அவர் பிடரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்த வெளிச்சம் யாருக்கும் வயசைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

"ஏனுங், தலைக்குச் சாயம் பூசறீங்களா?"

சென்னியப்பனின் கை வாளியில் நின்றது. "இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"அகலத்துல ஒண்ணும் தெரியலீங். காத்தால குறுக்கத்துல மண்டை முச்சூடும் மை கொட்டுனாப்பல இருந்துச்சு, ஏதோ கண்ணு பண்ற கோளாறுன்னு இருந்துட்டேன்." அவள் இன்னும் கிட்டே வந்து, காதுக்குப் பின்னால் விரலால் தொட்டுப் பார்த்தாள். "பின்னால விட்டுப்போட்டீங்க. முக்கால்தானுங் பூசியிருக்குது."